ஆறரைக் கோடிக் கல்யாணத்தை 28 லட்சத்தில் முடிப்பது எப்படி?

குறைந்த செலவில் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கும் அபிராமபுரத்துப் பெற்றோர்களுக்கு ஒரு யோசனை. தெரிந்த காண்ட்ராக்டரிடம் போகாதீர்கள். போன தை மாசம் பெண்ணைக் கட்டிக்கொடுத்த எதிர் ஃபிளாட்காரரையும் கேட்காதீர்கள். அவர் இன்னும் எழுந்து உட்காரவே இல்லை. கர்நாடக உயர் நீதிமன்றம் 2015 மே 11ஆம் தேதி கொடுத்த தீர்ப்பை வாங்கிப் படியுங்கள். 919 பக்கம். கல்யாணச் செலவைக் குறைப்பது பற்றி இந்த நாட்டில் அதைவிட உபயோகமான புத்தகம் எழுதப்படவில்லை.

தீர்ப்பு பெங்களூரில் எழுதப்பட்டாலும் கல்யாணம் நம் பேட்டையில்தான் நடந்தது. அபிராமபுரத்திலிருந்து ராஜா அண்ணாமலைபுரத்தைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் போனால் எம்.ஆர்.சி. நகர். இப்போது அங்கே நட்சத்திர ஹோட்டலும் கண்ணாடிக் கட்டடங்களும் கல்யாண ஹால்களும் நிற்கின்றன. 1995 செப்டம்பர் 7ஆம் தேதி அங்கே நின்றது ஒரு பந்தல். சுற்று வட்டாரம் ஐம்பது ஏக்கர். மாப்பிள்ளை, அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதாவின் வளர்ப்பு மகன் சுதாகரன். பெண், சிவாஜி கணேசனின் பேத்தி. வந்து சாப்பிட்டவர்கள் ஒன்றரை லட்சம் பேர் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. மாப்பிள்ளை வீட்டு அம்மா அப்போது அரசாங்கத்திடம் வாங்கிக்கொண்டிருந்த சம்பளம் மாதம் 1 ரூபாய். சிக்கனக் குடும்பம் என்றால் அதுதான் சிக்கனக் குடும்பம். ஒரு ரூபாய்க்குள் அடக்கிக் குடித்தனம் நடத்தியதோடு வளர்ப்புப் பிள்ளைக்கு ஊரே கூடிக் கல்யாணமும் செய்து வைத்திருக்கிறார்கள். நாம் மாதாமாதம் பி.எஃப். பிடித்தம் போக வாங்கி என்னத்தைக் கிழித்தோம்?

சொத்துக் குவிப்பு வழக்கு வந்தபோது அந்தக் கல்யாணத்துக்கு முதலமைச்சர் தரப்பில் ஆன செலவு 6,45,04,222 ரூபாய் என்று அரசுத் தரப்பு கணக்கு வைத்தது. கடைசி இரண்டு ரூபாயைக் கூட விடவில்லை பாருங்கள், பொறுப்பான ஆட்கள். 2014 செப்டம்பர் 27ஆம் தேதி சிறப்பு நீதிமன்ற நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா, அவ்வளவு வேண்டாம், 3 கோடி என்று வைத்துக்கொள்வோம் என்று பாதிக்கு மேல் தள்ளுபடி கொடுத்தார். கொடுத்துவிட்டு நான்கு ஆண்டு சிறையும் 100 கோடி அபராதமும் போட்டார். ஏழரை மாதம் கழித்து உயர் நீதிமன்ற நீதிபதி சி.ஆர். குமாரசாமி அதே செலவை 28,68,000 ரூபாய்க்குக் கொண்டுவந்து நிறுத்தினார். பந்தல் அதே பந்தல்தான். ஒன்றரை லட்சம் இலையும் அதே இலைதான். கிராமத்து மளிகைக்கடையில் கொத்தமல்லிக்குப் பேரம் பேசுபவன்கூட ஆறரைக் கோடியை 28 லட்சத்துக்குக் கேட்கக் கூசுவான்.

அந்தத் தீர்ப்பில் இன்னொரு வித்தையும் இருந்தது. குற்றம்சாட்டப்பட்டவர்கள் வாங்கியிருந்த கடன்களின் கூட்டுத் தொகை 10,67,31,274 என்று வரவேண்டிய இடத்தில் 24,17,31,274 என்று வந்துவிட்டது. பதின்மூன்றரைக் கோடி எங்கிருந்தோ குதித்து வருமானத்தில் சேர்ந்துகொண்டது. அதன் பலனாக, வருமானத்தை மீறிய சொத்து வெறும் 8.12 சதவீதம்தான், பத்துக்குள் இருந்தால் பரவாயில்லை, எல்லோரும் விடுதலை. நம் வீட்டு நோட்டில் நாமும் ராத்திரி பதினோரு மணிக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கூட்டுகிறோம். பாத்திர வாடகையை இரண்டு தரம் எழுதிவிட்டோமா, நாதஸ்வரக்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்ததைக் கழித்தோமா என்று. நம் கூட்டல் தப்பானால் கடன்காரன் வீட்டு வாசலில் நிற்கிறான். சில பேருக்குக் கூட்டல் தப்பினால் கோட்டைக் கதவு திறக்கிறது. தீர்ப்பு வந்த பன்னிரண்டாம் நாள் ஜெயலலிதா மறுபடி முதலமைச்சர்.

கூட்டல் பிழையை எல்லாரும் அப்போது சிரித்துத் தீர்த்துவிட்டார்கள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. மனிதன் என்றால் கூட்டலில் தப்புவான். வயிற்றெரிச்சலைக் கிளப்பியது செலவைக் குறைத்ததற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. இந்துக் குடும்பங்களில் கல்யாணச் செலவைப் பெண் வீட்டார் ஏற்பதுதான் வழக்கமாம். ஆகையால் மாப்பிள்ளை வீட்டார் தலையில் அத்தனையையும் கட்ட முடியாதாம்.

ஆக, 1961லிருந்து வரதட்சணைத் தடைச் சட்டம் அமலில் இருக்கிற நாட்டில், மாநிலத்தையே ஆண்டுகொண்டிருந்த மாப்பிள்ளை வீட்டுக்காக ஓர் உயர் நீதிமன்றம் நம் தெருமுனை மேட்ரிமோனி தரகர் பேசுகிற பேச்சைத் தீர்ப்பில் எழுதியது. தரகர் பேசினால் கமிஷன் கேட்கிறார் என்று புரிந்துகொள்ளலாம்.

அந்தத் தீர்ப்பை 2017 பிப்ரவரி 14ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தூக்கிக் குப்பையில் போட்டு, டி'குன்ஹாவின் தீர்ப்பையே நிலைநிறுத்தியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் குற்றவாளி அதற்குள் இறந்துபோயிருந்தார். மாப்பிள்ளை சிறைக்குப் போனார். வளர்ப்பு மகன் என்கிற உறவோ 1996லேயே, பர்கூர் தேர்தலில் ஜெயலலிதா தோற்ற சூட்டோடு, முறிந்துவிட்டிருந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு வருஷம்கூடத் தாங்காத உறவுக்கு நடந்த விழாவின் கணக்கை முடிக்க நாட்டுக்கு இருபத்தோரு வருஷம் பிடித்தது. தீர்ப்பு வந்த தேதி காதலர் தினம் என்பது யார் வைத்த குறும்போ தெரியாது.

உச்ச நீதிமன்றம் தூக்கிப் போட்டதை அபிராமபுரம் மட்டும் பொறுக்கி எடுத்து, தூசி தட்டி, ஹாலில் மாட்டி வைத்திருக்கிறது. எந்த வீட்டுப் பெண் பார்க்கும் படலத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பையனின் அப்பா தொண்டையைச் செருமுவார்.

“எங்களுக்கு எதுவும் வேண்டாம் சார். பகவான் புண்ணியத்துல எல்லாம் இருக்கு. உங்க பொண்ணுக்கு நீங்க என்ன போடணும்னு ஆசைப்படறீங்களோ போடுங்கோ. நாங்க வாயைத் திறந்து கேக்கற ஜாதியில்லை.”

பெண்ணின் அப்பா நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் பையனின் அம்மா ஆரம்பிப்பார்.

“ஆனா கல்யாணத்தை மட்டும் கொஞ்சம் கௌரவமா பண்ணிக் கொடுத்துடுங்கோ மாமா. மூத்தவனுக்கு அவா ரொம்ப நன்னா பண்ணினா. எங்க சைடுல ஜாஸ்தி இல்லை, நானூறு பேர்தான் வருவா.”

வாயைத் திறந்து கேட்காத ஜாதி அங்கே எழுந்து போகும்போது, மூத்த மருமகளுக்கு எத்தனை சவரன் போட்டார்கள் என்பது எப்படியோ இந்த வீட்டு ஹாலில் விழுந்து கிடக்கும். யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால் சட்டம் இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறது. கேட்காமல் கொடுக்கிற அன்பளிப்புக்குத் தடையில்லை. ஆனால் கொடுப்பவர் வசதிக்கு மிஞ்சியதாக இருக்கக்கூடாது. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் வந்த பரிசுகளை எல்லாம், என்ன பொருள், என்ன மதிப்பு, யார் கொடுத்தது என்று தனித்தனிப் பட்டியலாக எழுதிக் கையெழுத்துப் போட்டு வைக்க வேண்டும் என்று 1985ல் விதியே போட்டிருக்கிறார்கள். நாற்பது வருஷம் ஆகிறது. எத்தனையோ கல்யாணத்துக்குப் போய் எத்தனையோ பால் பாயசம் குடித்தாயிற்று, மணமேடையில் ஒரு பெண்ணாவது பேனாவை எடுத்து அந்தப் பட்டியலில் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை. பட்டியல் இல்லாமலா இருக்கிறது? இருக்கிறது. சீர் முறுக்கு எத்தனை, அதிரசம் எத்தனை, வெள்ளிக் குத்துவிளக்கு எந்த உயரம், மாப்பிள்ளைக்கு மோதிரம் எத்தனை கிராம், சம்பந்தி அம்மாவுக்குப் பட்டுப் புடவை எந்தக் கடை என்று வரிக்கு வரி எழுதிய பட்டியல். எழுதியது மட்டும் பெண் இல்லை.

ஒன்றை நியாயத்துக்குச் சொல்ல வேண்டும். “இப்பல்லாம் ஃபிஃப்டி ஃபிஃப்டி சார்” என்று ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. முகூர்த்தம் உங்களுடையது, ரிசப்ஷன் எங்களுடையது. நல்ல பிள்ளைகள் சிலர் நிஜமாகவே பாதியைக் கொடுக்கிறார்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும். பெரும்பாலும் நடப்பது வேறு. இரண்டையும் ஒரே மண்டபத்தில் வைத்துக்கொண்டால் வாடகை மிச்சம் என்பார்கள். அட்வான்ஸை நீங்கள் கொடுத்துவிடுங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். அப்புறம் என்கிற தேதி எந்தப் பஞ்சாங்கத்திலும் கிடையாது. நகையில் ஃபிஃப்டி ஃபிஃப்டி என்று இதுவரை யார் வாயிலிருந்தும் வரவில்லை.

மண்டபத்துக்கு வருவோம். “சத்திரம் கிடைச்சிடுத்தா?” என்பதுதான் மயிலாப்பூர், மந்தைவெளி வட்டாரத்தில் வரன் நிச்சயமான பிறகு கேட்கப்படும் முதல் கேள்வி, மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்பதெல்லாம் இரண்டாவது. சத்திரம் என்ற காலத்தில் வழிப்போக்கனுக்கு இலவசமாகச் சோறு போட்டார்கள். இன்றைய சத்திரத்தில் வழிப்போக்கன் நாம்தான். வாடகை ஒன்றரை நாளைக்கு. முதல் நாள் மத்தியானம் நுழைந்து மறுநாள் சாப்பாடு முடிந்ததும் வெளியேற வேண்டும். பந்தி நீண்டால் துடைப்பத்தோடு ஆள் வந்து பாயசத்துக்குப் பக்கத்தில் நிற்பான். ஏ.சி. தனி. கரண்ட் மீட்டர்படி தனி. ஜெனரேட்டர் டீசல் தனி. சுத்தம் செய்வது தனி, குப்பை அள்ளுவது அதிலும் தனி. இத்தனைக்கும் மேலே 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சமையலுக்கு அவர்கள் சொல்லும் காண்ட்ராக்டரைத்தான் வைக்க வேண்டும். வெளியாளைக் கூட்டிவந்தால் “ராயல்டி” கட்ட வேண்டும். பாட்டு எழுதினவனுக்கே ஒழுங்காகக் கிடைக்காத ராயல்டி, நம் வீட்டுக் கல்யாணத்தில் சாம்பார் வைக்க விட்டதற்காக மண்டபக்காரருக்குப் போகிறது.

காண்ட்ராக்டர் தேனாகப் பேசுவார். இலைக் கணக்கு. முதல் நாள் டிபன், ராத்திரி சாப்பாடு, காலை டிபன், முகூர்த்தச் சாப்பாடு என்று ஒவ்வொன்றுக்கும் இலைக்கு இவ்வளவு, குறைந்தபட்சம் இத்தனை இலை. வராத விருந்தாளிக்கும் பணம் உண்டு. நீங்கள் “சிம்பிள்” என்ற வார்த்தையைச் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு துக்கம் வரும் பாருங்கள், வீட்டில் யாரோ தவறிப்போன மாதிரி. “பண்ணலாம் சார். ரெண்டு ஸ்வீட், ஒரு பாயசம்னு முடிச்சுக்கலாம். ஆனா பாருங்க, நாலு பேர் வர்ற இடம்.” அந்த நாலு பேர் யார் என்று நானும் பல வருஷமாகத் தேடுகிறேன். அவர்களுக்குத்தான் சாட் கவுன்ட்டர், அவர்களுக்குத்தான் ஐஸ்கிரீம், பீடா, பஞ்சு மிட்டாய் மெஷின். அவர்களுக்காகத்தான் வாழ்நாளில் எல்.ஐ.சி. பாலிசியைத் தவிர வேறு எதையும் கட்டியணைத்தறியாத ரிட்டயர்டு வங்கி மேனேஜர் ஒருவர், ‘சங்கீத்’ என்ற பெயரில் டான்ஸ் மாஸ்டர் வைத்து மூன்று வாரம் ஒத்திகை பார்த்து, மேடையேறி இடுப்பை ஆட்டுகிறார். மார்கழிக் கச்சேரியில் தாளம் தப்பினால் முகம் சுளிக்கிற மனுஷன். மேலே ட்ரோன் சுற்றுகிறது. எல்லாவற்றையும் பெரிய திரையில் பார்க்கிற அந்த நாலு பேர், பந்தியில் உட்கார்ந்ததும் சொல்வது: “ரசத்துல உப்பு கம்மி.”

தங்கத்தைப் பற்றி நிறைய எழுத மனசு வரவில்லை. எம்.ஆர்.சி. நகர் கல்யாணம் நடந்த வருஷம் ஒரு சவரன் நாலாயிரம் ரூபாய்க்குள் இருந்தது. 2025 செப்டம்பரில் 80,000 ரூபாயைத் தாண்டியது. அதற்கு மேல் செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி. விலை இருபது மடங்கு ஏறிய பிறகும் பனகல் பார்க் பக்கம் சவரன் எண்ணிக்கை இறங்கவில்லை. இறங்கியது அப்பாக்களின் தோள்தான். இதற்கு அரசாங்கமும் வழி செய்து வைத்திருந்தது. வருங்கால வைப்பு நிதியிலிருந்து நடுவில் பணம் எடுக்க அனுமதிக்கும் காரணங்களில் சொந்த வீடு, கடும் நோய் ஆகியவற்றோடு கல்யாணமும் உண்டு. ஏழு வருஷ சர்வீஸ் இருந்தால் தன் பங்கில் பாதி வரை எடுக்கலாம் என்பது வெகுகாலம் இருந்த விதி. நோயையும் கல்யாணத்தையும் ஒரே விண்ணப்பத்துக்குள் வைத்த அந்த அதிகாரி யாரோ, பெண்ணைப் பெற்றவராக இருந்திருக்க வேண்டும்.

ஏழை வீட்டுப் பெண் தாலிக்குத் தங்கம் கொடுப்பது இந்த மாநிலத்தில் அரசியலாகவே இருந்தது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989ல் கருணாநிதி அரசு ஐயாயிரம் ரூபாயில் ஆரம்பித்த திருமண உதவித் திட்டத்தில், 2011ல் ஜெயலலிதா தாலிக்கு 4 கிராம் தங்கம் சேர்த்தார். 2016 மே மாதம் மறுபடி பதவியேற்ற அன்று போட்ட முதல் கையெழுத்துகளில் ஒன்று அதை 8 கிராம் ஆக்கியது. உச்ச நீதிமன்றத்தில் அவர் வழக்கின் விசாரணை அப்போது நடந்துகொண்டிருந்தது. அந்த வழக்கில் பறிமுதலான நகைகளில் 27 கிலோ தங்கத்தை 2025 பிப்ரவரியில்தான் பெங்களூர் நீதிமன்றம் தமிழ்நாட்டு அரசிடம் திருப்பிக் கொடுத்தது. 8 கிராம் வீதம் பார்த்தால் 3,375 தாலி. ஆனால் அந்தத் தங்கம் சென்னைக்கு வந்து சேர்ந்தபோது தாலிக்குத் தங்கம் கொடுக்கும் அந்தத் திட்டமே இல்லை. 2022ல் அதைப் ‘புதுமைப் பெண்’ ஆக மாற்றி, கல்லூரிக்குப் போகும் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று ஆக்கிவிட்டார்கள். தாலியைவிடப் படிப்பு மேல் என்பதில் எனக்கு மறுப்பில்லை. செய்தவர்களைப் பாராட்டலாம் என்று கையைத் தூக்கினால், 2024 அக்டோபரில் அறநிலையத் துறை 31 ஜோடிகளுக்குச் சென்னையில் இலவசக் கல்யாணம் செய்து வைத்த மேடையில் முதலமைச்சர் ஸ்டாலின், தொகுதி எண்ணிக்கை குறைகிற நிலைமையில் பதினாறு பிள்ளை பெற்றுக்கொண்டால் என்ன என்று நினைக்கத் தோன்றுவதாகப் பேசினார். மண்டப வாடகைக்கு வழியில்லாமல் அரசாங்கப் பந்தலில் தாலி கட்டிக்கொண்டவர்களிடம். எம்.பி. சீட்டுக்கு ஆள் சேர்க்கிற வேலையும் கல்யாணச் செலவில் சேர்ந்துகொண்டது.

டெல்லிக்கும் நம் கல்யாணத்தின் மேல் கண் உண்டு. 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1,000 ரூபாய் நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்தபோது அது முகூர்த்த மாதம் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. அப்புறம் பெரிய மனசு பண்ணிக் கல்யாண வீடுகள் தங்கள் சொந்தக் கணக்கிலிருந்து 2,50,000 ரூபாய் வரை எடுக்கலாம் என்றார்கள். ரிசர்வ் வங்கி போட்ட நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள்: பத்திரிகையைக் காட்ட வேண்டும், மண்டப அட்வான்ஸ், சமையல் அட்வான்ஸ் ரசீதுகளைக் காட்ட வேண்டும், யாருக்கு ரொக்கம் தரப்போகிறோமோ அவருக்கு வங்கிக் கணக்கு இல்லை என்று அவரிடமே எழுதி வாங்கிவர வேண்டும். பூக்காரம்மாவிடம், வாழைமரம் கட்டுகிறவரிடம், மேளக்காரரிடம் உறுதிமொழிப் பத்திரம். பெண்ணின் அப்பா கிளைக்கும் சத்திரத்துக்கும் நடந்து செருப்புத் தேய்ந்துகொண்டிருந்த அதே நவம்பரில், 16ஆம் தேதி, பெங்களூர் அரண்மனை மைதானத்தில் முன்னாள் அமைச்சர் ஜனார்த்தன ரெட்டி வீட்டுக் கல்யாணம் நடந்தது. பத்திரிகையைத் திறந்தால் வீடியோ ஓடியது. விஜயநகர சாம்ராஜ்யத்தை செட் போட்டு நிறுத்தியிருந்தார்கள். கிருஷ்ணதேவராயரிடம் யாரும் வங்கிக் கணக்கு உண்டா என்று கேட்டதாகத் தகவல் இல்லை.

நாடாளுமன்றத்திலும் நல்லவர்கள் இருக்கிறார்கள். ஐந்து லட்சத்துக்கு மேல் செலவழிக்கிற கல்யாண வீடு அதில் பத்து சதவீதத்தை ஏழைப் பெண்களின் கல்யாணத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று ரஞ்சீத் ரஞ்சன் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். பிறகு ஜஸ்பீர் சிங் கில் இன்னொன்று: விருந்தாளிகள் நூறு பேர், பதார்த்தம் பத்து, பரிசு 2,500 ரூபாய்க்குள். 1970க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் சட்டமானதில்லை என்ற தைரியத்தில்தான் இப்படிப்பட்ட மசோதாக்களைச் சபையில் அனுமதிக்கிறார்கள் என்று நினைக்கிறேன். நிறைவேறிவிட்டால் உறுப்பினர்கள் வார இறுதியில் எங்கே போய்ச் சாப்பிடுவார்கள்?

இவர்கள் யாரும் தேவையே இல்லை. சிக்கனக் கல்யாணத்துக்குத் தமிழ்நாட்டில் வழி எப்போதோ போட்டாயிற்று. 1928ல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைக் கல்யாணம் நடந்தது. 1967ல் அண்ணாதுரை ஆட்சிக்கு வந்து இந்துத் திருமணச் சட்டத்தில் 7-அ பிரிவைச் சேர்த்து, அதைச் சட்டப்படி செல்ல வைத்தார். மாலையை மாற்றிக்கொள், அல்லது மோதிரத்தைப் போடு, அல்லது தாலியைக் கட்டு, அல்லது ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொண்டதாகப் புரிகிற மொழியில் சொல், முடிந்தது. ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டும் என்றுகூட இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. மாலைக்கு ஆகும் காசுதான் செலவு. இத்தனை மலிவான சரக்கை ஏன் மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை ஒருத்தரும் வாங்க மாட்டேன் என்கிறோம்?

ஏனென்றால் நாம் வாங்குவது கல்யாணம் இல்லை. நம் ஜாதியில், நம் அந்தஸ்தில், பெரியவர்கள் பார்த்து, ஜாதகம் பார்த்து, அளவு பார்த்து முடித்தது என்பதற்கான ரசீது. ஐந்நூறு இலை போட்டால்தான் அந்த ரசீதில் ஐந்நூறு சாட்சிக் கையெழுத்து விழும். ரசீது இல்லாமல் மலிவாக முடித்துக்கொண்டவர்கள் இந்த மாநிலத்தில் யாரென்று பார்த்தால் பெரும்பாலும் ஜாதி மாறிக் காதலித்தவர்கள். அவர்களிடம் பாக்கியை வேறு விதமாக வசூலிக்கிறார்கள். 2016 மார்ச் 13ஆம் தேதி உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில், கேமரா பார்த்துக்கொண்டிருக்க, ஓர் இளைஞனின் உயிராக வசூலித்தார்கள். மண்டபத்துக்குள்ளும் வசூல் நிற்பதில்லை. 2022ல் மட்டும் நாடெங்கும் பதிவான வரதட்சணைச் சாவு வழக்குகள் 6,450. கௌரவமாகக் கல்யாணம் செய்து கொடுக்கப்பட்ட பெண்கள் அவர்கள். அத்தனை கல்யாணத்திலும் நாலு பேர் வந்து சாப்பிட்டிருப்பார்கள். உப்பு கம்மி என்றிருப்பார்கள்.

நோட்டை விரித்து உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்கு ஏதாவது உருப்படியாகச் சொல்ல வேண்டுமல்லவா? சொல்கிறேன். சிறப்புத் திருமணச் சட்டம் என்று 1954ல் ஒன்று போட்டார்கள். மதம், ஜாதி எதுவும் பாராமல் இரண்டு பேர் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொள்ளலாம். ஆனால் முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பெயர், வயசு, முகவரியோடு அதை அலுவலகப் பலகையில் ஒட்டுவார்கள். 30 நாள் தொங்கும். யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம், ஆட்சேபணை சொல்லலாம். அப்பன், மாமன், ஜாதிச் சங்கத் தலைவர், அரிவாளோடு வருகிறவன் எல்லாரும் நிதானமாக முகவரி எழுதிக்கொண்டு போக அரசாங்கமே ஒரு மாசம் அவகாசம் கொடுக்கிறது. காசில்லாமல் கல்யாணம் செய்துகொள்கிறவர்கள் மேல் இவ்வளவு சந்தேகம். ஐம்பது ஏக்கர் பந்தலுக்கு யாரும் ஒரு நாள்கூட நோட்டீஸ் கேட்கவில்லை.

அந்தப் பலகையை அங்கிருந்து கழற்றி மண்டப வாசலில் மாட்டச் சொல்லி மனுப் போடுங்கள். தினமும் வாழைமரம் கட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில். அதில் 1985ஆம் வருஷத்து விதிப்படி பட்டியலை ஒட்ட வேண்டும்: எத்தனை சவரன், எந்தக் கார், மாப்பிள்ளையின் கோட்டு சூட்டுக்கு யார் பணம், மண்டபத்துக்கு யார் பணம், அந்தப் பணம் பி.எஃப்.பா, நகைக்கடனா, வீட்டுப் பத்திரமா. கீழே பெண்ணின் கையெழுத்து, மாப்பிள்ளையின் கையெழுத்து. 30 நாள் தொங்கட்டும். வருமான வரித்துறை வந்து படிக்கட்டும், காண்ட்ராக்டர் படிக்கட்டும், எங்களுக்கு எதுவும் வேண்டாம் என்று சொன்ன சம்பந்தி தன் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டுவந்து நின்று படிக்கட்டும். ஆட்சேபணை சொல்லும் முதல் உரிமை பெண்ணுக்கு.